அம்மாயி வாட்ச்சும் தேஞ்ச கம்பியும்

அம்மாயி காரியம் முடிஞ்ச மூணாம் நாள் பீரோவ ஒதுங்க வெக்கும்போது ஒரு பழைய பவுடர் டப்பாக்குள்ள துணியில சுத்தி அந்த வாட்ச் இருந்துச்சு. பெரிய மாமா அத உள்ளங்கையில வெச்சு கண்ணாடிய ஏத்தி எறக்கிப் பாத்துட்டு "இது ரோலெக்ஸ்மா, பாரு, ஆரும் ஓவும் தெரியுது"ன்னு அம்மாகிட்ட சொன்னார். அவர் சும்மா சொல்லல. நெஜமாவே டயல்ல 12-க்கு கீழ ரெண்டே ரெண்டு எழுத்துதான் மிச்சம் இருந்துச்சு, முதல்ல ஒரு ஆர், பக்கத்துல ஒரு ஓ, அதுக்கு அப்புறம் மழைத்தண்ணி பட்ட சுவர் மாதிரி ஒரு கறை, அவ்ளோதான். வீட்ல எல்லாரும் கொஞ்ச நேரம் அமைதியா ஆயிட்டாங்க, ஏன்னா ரோலெக்ஸ்னா லட்சக்கணக்குல போகும்னு எல்லாருக்கும் தெரியும், அதே சமயம் அம்மாயி செத்து இன்னும் வாரம்கூட ஆகலங்கறதும் எல்லாருக்கும் தெரியும்.

வாட்ச் ரொம்ப சின்னது. பழைய நாலணா காசு அளவுதான் இருக்கும். வட்டமான கேஸ், ஒரு காலத்துல வெள்ளையா இருந்திருக்க வேண்டிய டயல் இப்ப பால் கம்மியா ஊத்துன டீ கலர்ல இருக்கு, நடுவுல மூணு முள்ளு, செகண்ட் முள்ளு மயிரிழை மாதிரி. இழுத்தா நீளற செயின் ஸ்ட்ராப், தங்கக் கலர், அதுல பாதி வெளுத்துப் போச்சு. சாவி கொடுத்துப் பாத்தேன், திரும்பவே இல்ல. மாமா உடனே "ஃபுல்லா சாவி கொடுத்து கெடுத்துருப்பாங்க"ன்னார். (இத எல்லா வீட்லயும் சொல்லுவாங்க, இது தப்பு, கீழ சொல்றேன்.)

எங்க குடும்பம் கோத்தகிரிக்கு வந்த கதைய கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா இந்த வாட்ச் புரியாது. அம்மாயி தாத்தா ரெண்டு பேரும் இலங்கையில அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்தவங்க. 1964-ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க இல்லையா, அஞ்சே கால் லட்சம் பேர இந்தியா எடுத்துக்கணும், மூணு லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கணும்னு, அந்த அஞ்சே கால் லட்சத்துல எங்க வீட்டு ஆளுங்களும் உண்டு. அவங்க கப்பல் ஏறுனது 1972-ல. தலைமன்னார்ல ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் கேம்ப், அப்புறம் டேன்டீ (அரசாங்கத் தேயிலைத் தோட்டம்) வேலையில நீலகிரி. அந்தத் தேயிலைத் திட்டத்தயே 1968-ல அரசாங்கம் இப்படித் திரும்பி வர்றவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் ஆரம்பிச்சது. அம்மாவுக்கு அப்ப பதினோரு வயசு.

அப்போ கேள்வி என்னன்னா, இந்த வாட்ச் கப்பல்ல வந்ததா, இல்ல இங்க வந்து வாங்குனதா? மாமா சொல்றது, அங்க இருந்த துரைசாணி ஊருக்குப் போகும்போது அம்மாயிக்கு கழட்டிக் கொடுத்துட்டுப் போனாங்களாம். அம்மா சொல்றது, தாத்தா தீபாவளி அட்வான்ஸ்ல அட்டன் டவுன்ல வாங்குனது. சித்தி சொன்னது, இது இங்க வாங்குன எச்எம்டிதான், எல்லார் வீட்லயும் இருந்ததுதானேன்னு.

முதல்ல சித்தி சொன்னதத்தான் பாத்தேன், ஏன்னா அதுதான் நடக்க வாய்ப்பு அதிகம். எச்எம்டி 1961-ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனிகூட சேந்து பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க, அதுக்கு அப்புறம் முப்பது வருஷம் நம்ம ஊர்ல கையில வாட்ச் இருந்தா பாதிக்கு மேல அதுதான். லேடீஸ் மாடல் சுஜாதான்னு ஒண்ணு, அம்மாகிட்டயே இருந்துச்சு, முதல் சம்பளத்துல வாங்குனது. ஓசூர்ல டைட்டன் வந்து குவார்ட்ஸ் வாட்ச் எறக்குன அப்புறம்தான் சாவி கொடுக்கற பழக்கமே நின்னுச்சு. ஆனா எச்எம்டின்னா டயல்லயோ பின்னாடி மூடியிலயோ எங்கயாவது அந்தப் பேர் இருக்கும். இதுல இல்ல. அதோட டயல் அடியில, 6-க்கும் கீழ, கிளாஸ் விளிம்பு மறைக்கற எடத்துல டார்ச் அடிச்சு சாய்ச்சுப் பாத்தா பொடி எழுத்துல "ஸ்விஸ் மேட்"னு இருந்துச்சு. உங்க வீட்ல பழைய வாட்ச் இருந்தா முதல்ல அந்த எடத்தப் பாருங்க, நேரா பாத்தா தெரியாது, சாய்ச்சாதான் தெரியும். எச்எம்டி அடிபட்டுப் போச்சு.

அடுத்தது மூடியத் தொறக்கறது. இங்க ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்கறேன், கத்திய வெச்சுத் தொறக்காதீங்க. மாமா நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு பழம் வெட்டுற கத்திய வெச்சு முயற்சி பண்ணி மூடி விளிம்புல மூணு கீறல் போட்டுட்டார், நல்லவேளை உள்ள போகல. அழுத்தி மூடுற மாதிரி மூடிதான், ஆனா அதுக்குன்னு ஒரு சின்ன பள்ளம் இருக்கும், அதத் தேடி, அதுக்குன்னு இருக்கற மொட்டைக் கத்தியாலதான் நெம்பணும். நான் குன்னூருக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சந்துல வயசான பாய் ஒருத்தர் இருக்கார், ஒரு ஆள் உக்கார எடம், கண்ணாடிப் பெட்டி, டேபிள் லைட். எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க சொல்லி விட்டாங்க. கோத்தகிரியில இருந்து பஸ்ல ஒரு மணி நேரம், அன்னிக்கு வழியெல்லாம் மூடுபனி.

பாய் கண்ணுல லென்ஸ மாட்டிக்கிட்டு ஒரே நெம்பு. மூடி வந்துருச்சு. மிஷின பாக்கறதுக்கு முன்னாடி அவர் மூடியோட உள்பக்கத்தத்தான் பாத்தார். "இதுதான்மா வாட்சோட ஜாதகம்"னு சொல்லிட்டு லென்ஸ கழட்டி என் கையில கொடுத்தார். மூடிக்கு உள்ள ஊசியால கீறுன மாதிரி பொடிப் பொடியா எழுத்து. ஒவ்வொரு வாட்ச்காரரும் சர்வீஸ் பண்ணி முடிச்சதும் தேதியோ தன்னோட அடையாளமோ கீறி வெப்பாங்களாம், மறுபடி அதே வாட்ச் வந்தா தான் பாத்ததுதானான்னு தெரியறதுக்கு. எங்களுதுல நாலு இருந்துச்சு. 8-66. அதே கையெழுத்துல 3-70. அப்புறம் வேற ஆள், ஆழமா கீறியிருக்கார், 11-75. கடைசியா வெறும் 82.

எனக்கு அந்த எடத்துல நெஞ்சு அடைச்சுக்கிச்சு. 66-ம் 70-ம்னா அது அட்டன்தான். 75-ம் 82-ம் இங்க. அப்போ கப்பல்ல வந்த வாட்ச்தான். சித்தியோட கதை அங்கயே முடிஞ்சுது. அம்மாயி நாலுல இருந்து ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்து சர்வீஸ் பண்ணியிருக்காங்க, 75-ல, வந்து மூணே வருஷம் ஆன குடும்பத்துல, வாட்ச் சர்வீஸுக்கு காசு ஒதுக்கியிருக்காங்க. அது அலங்காரத்துக்கு வெச்சிருந்த பொருள் இல்லன்னு எனக்கு அப்பவே தோணுச்சு, ஆனா எதுக்குன்னு புரியல.

அப்புறம்தான் மிஷின். பேலன்ஸ் வீல்னு ஒண்ணு இடமும் வலமும் ஆடிக்கிட்டே இருக்கும் இல்லையா, அதுக்கு அடியில இருக்கற தகட்டுலதான் மிஷின் செஞ்ச கம்பெனியோட முத்திரையும் நம்பரும் அடிச்சிருப்பாங்க. பழைய ஸ்விஸ் வாட்ச்சுல டயல்ல ஒரு பேர் இருக்கும், மிஷின் வேற கம்பெனியுதா இருக்கும், ஏ.எஸ்., ஈட்டா, எஃப்.எச்.எஃப்.னு மிஷின் மட்டும் செஞ்சு வித்த கம்பெனிங்க நெறைய. அதனால டயல் அழிஞ்சு போன வாட்ச்சுல மிஷின் யாருதுன்னு தெரிஞ்சுக்க இந்த முத்திரையத்தான் பாக்கணும். எங்களுதுல எம்.எஸ்.டி.ன்னு மூணு எழுத்து, பக்கத்துல நம்பர். பாய் சிரிச்சுட்டு "ரோமர்"னார். பாக்காமலே சொன்ன மாதிரி இருந்துச்சு.

எம்.எஸ்.டி.ன்னா மேயர், ஸ்டூடெலின்னு ரெண்டு பேரோட பேர். ஃப்ரிட்ஸ் மேயர்ங்கறவர் 1888-ல ஸ்விட்சர்லாந்துல சோலோதூர்ன்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச பட்டறை, அப்புறம் ஸ்டூடெலி கூட்டு சேந்தார், ரோமர்ங்கறது அவங்க வாட்ச்சுக்கு வெச்ச பேர், பின்னாடி அதுவே கம்பெனி பேராவும் ஆயிருச்சு. மத்தவங்க மாதிரி மிஷின வெளிய வாங்காம தாங்களே செஞ்சவங்க, அதனாலதான் எம்.எஸ்.டி.ய பாத்ததும் ரோமர்னு சொல்ல முடியுது. ஆர், ஓ, அப்புறம் கறை. ரோலெக்ஸா இருந்திருந்தா மிஷின்லயும் மூடி உள்பக்கமும் அவங்க பேரே பெருசா இருந்திருக்கும்.

மாமாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "பதினேழு கல்லுன்னு போட்டிருக்கே, அதாவது மாணிக்கம்தானே"ன்னு கேட்டார். அவருக்கு அந்த நேரத்துல பணக் கஷ்டம், எனக்குத் தெரியும், அதனால பொறுமையாதான் சொன்னேன். மாணிக்கம்தான், ஆனா செஞ்ச மாணிக்கம். பிரான்ஸ்ல வெர்னாய்ங்கறவர் 1902-ல உலையில பொடிய உருக்கி மாணிக்கம் செய்யற முறைய வெளியிட்டார், அதுக்கு அப்புறம் வாட்ச்சுக்குள்ள வெக்கற கல்லெல்லாம் அதுதான். அச்சு சுத்தற எடம் தேயாம இருக்கறதுக்கு வெக்கறாங்க, விக்கறதுக்கு இல்ல. பதினேழு கல்லுன்னா சாவி கொடுக்கற வாட்ச்சுக்கு முழுசா கல்லு வெச்சிருக்குன்னு அர்த்தம், நல்ல மிஷின்னு அர்த்தம். "அப்போ வித்தா என்ன வரும்"னார். சர்வீஸ் செலவுக்கு மேல பெருசா ஒண்ணும் வராது மாமான்னேன். "அப்போ நீயே வெச்சுக்க பாப்பா, உனக்குத்தான் அதுல ஆசை"ன்னார். அப்படித்தான் அது என்கிட்ட வந்துச்சு.

இப்ப சாவி விஷயம். ஃபுல்லா சாவி கொடுத்ததால வாட்ச் கெடாது. மெயின் ஸ்பிரிங் முழுசா சுத்துனதும் நின்னுரும், அது அப்படி நிக்கறதுக்குத்தான் செஞ்சது. இத்தன வருஷம் சும்மா கெடந்ததுல ஆயில் காஞ்சு பிசினாயிரும், அதனாலதான் ஓடாது. எங்களுதுல கூடவே சாவித் தண்டு துருப்புடிச்சு ஒட்டியிருந்துச்சு. கோத்தகிரி குன்னூர் பக்கமெல்லாம் ஐப்பசி கார்த்திகையிலதான் பெரிய மழை, அந்த ரெண்டு மாசம் வீட்ல துணியே காயாது, வாட்ச் என்ன செய்யும். ஈரம் முதல்ல எறங்கற எடம் சாவித் துவாரம்தான். பாய் மொத்தமா பிரிச்சு, பெட்ரோல்ல கழுவி, தண்டு மட்டும் வேற போட்டு, ஆயில் விட்டு, மூணு வாரம் கழிச்சு கொடுத்தார். 1,800 ரூபா. காதுல வெச்சேன், பூச்சி கத்தற மாதிரி அவ்ளோ வேகமா ஒரு சத்தம். ஒரு செகண்டுக்கு அஞ்சு தட்டு, மணிக்கு 18,000.

முதல் வாரம் ஒரு நாளைக்கு பத்து நிமிஷம் வேகமா ஓடுச்சு. சர்வீஸ் சரியில்லையோன்னு நெனச்சேன், ஆனா தப்பு என் ஹேண்ட்பேக்ல. அதோட மூடி காந்தத்துல ஒட்டற டைப், நான் வாட்ச்ச அதுக்குள்ள போட்டு வெச்சிருந்தேன். காந்தம் ஏறுனா, பேலன்ஸ் வீல ஆட்டற மெல்லிசு ஹேர் ஸ்பிரிங்கோட சுத்துங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஸ்பிரிங் நீளம் கொறைஞ்ச மாதிரி ஆயி வேகமா அடிக்கும். பாய் ஒரு சின்ன பெட்டி மேல வெச்சு எடுத்தார், பத்து செகண்ட்ல போயிருச்சு. மிச்சம் இருந்தத ஏ, ஆர்னு போட்டிருக்கற குட்டி நெம்புகோல ஒரு நூல் நகத்தி சரி பண்ணார். இப்ப நாளைக்கு ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன. அறுபது வருஷம் ஆன மிஷின், இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்.

அடுத்ததுதான் ரொம்ப நாள் யோசிச்ச விஷயம், வாட்ச்ச எப்படி மாத்தி கட்டிக்கறது. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒரு கடையில டயல புதுசா அடிச்சுத் தர்றேன், ரோமர்னு தங்க எழுத்துல போட்டுத் தர்றேன்னாங்க. வேண்டாம்னுட்டேன். இந்த மாதிரி திரும்ப அடிச்ச டயல் நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், ஆன்லைன்ல பளபளன்னு புது டயலோட வர்ற பழைய வாட்ச்ல நெறைய அப்படித்தான், எழுத்து தடிச்சு, கோடு ஒரு பக்கம் சாஞ்சு, அந்தக் காலத்துல இல்லாத கலர்ல இருக்கும். ஒரு தடவை பழைய பெயிண்ட சொரண்டிட்டா திரும்ப வராது. அந்த ஆர் ஓவும் கறையும் அப்படியே இருக்கட்டும். இன்னொண்ணு, டயல்லயோ முள்ளுலயோ பழுப்பா பொடி மாதிரி ஒட்டியிருந்தா, அதாவது இருட்டுல மின்னுன வாட்ச்சா இருந்தா, தயவுசெஞ்சு சொரண்டவோ ஊதவோ செய்யாதீங்க. 1960 வரைக்குமான வாட்ச்ல அது ரேடியமா இருக்க நெறைய வாய்ப்பு, இப்ப மின்னலன்னாலும் கதிர்வீச்சு போகாது, ரேடியம் பாதியா கொறையவே 1,600 வருஷம் ஆகும். எங்களுதுல அது இல்ல, வெறும் முள்ளு.

கேஸ் கவரிங்தான். தங்கம்னு நெனச்சிருந்தோம், மூடியில மட்டும் ஸ்டீல்னு போட்டிருக்கு, ஓரத்துல முலாம் போயி பித்தளை தெரியுது. நகைக்கடையில நல்லா பாலீஷ் போட்டு திரும்ப முலாம் பூசித் தர்றோம், புதுசு மாதிரி ஆயிரும்னாங்க. பாலீஷ் போட்டா விளிம்பெல்லாம் உருண்டு போயிரும், அந்தக் காலத்து கேஸோட அழகே அந்தக் கூர்மைதான். அதுவும் வேண்டாம். கிளாஸ் மட்டும் செஞ்சேன், ஏன்னா அது பிளாஸ்டிக் கிளாஸ், அதுல இருந்த கீறலெல்லாம் பல் தேய்க்கற வெள்ளை பேஸ்ட்ட பஞ்சுல தொட்டு பத்து நிமிஷம் வட்டமா தேய்ச்சதுல போயிருச்சு.

ஸ்ட்ராப்தான் பிரச்சனை. இப்ப வர்ற வாட்ச்சுல பட்டைய ஒரு ஸ்பிரிங் பின்னுல மாட்டுவாங்க, அமுக்குனா கழண்டு வந்துரும். இதுல பின் இல்ல. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கம்பி, கேஸோடயே ஒட்ட வெச்சது, நடுவுல பத்து மில்லி எடைவெளி. அதனால கடையில தொங்கற எந்த ஸ்ட்ராப்பும் இதுக்கு ஏறாது. ஊட்டியில ஒரு கடையில ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, "கம்பிய அறுத்துட்டு ஓட்டை போட்டு பின் வெச்சுரலாம் மேடம், அப்புறம் எந்த ஸ்ட்ராப் வேணா போட்டுக்கலாம்"னு. ஒரு நிமிஷம் சரின்னு சொல்லப் போயிட்டேன். அப்புறம் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்துட்டேன்.

பாய் அந்தக் கம்பிய லென்ஸ்ல பாத்துட்டு என்னைப் பாத்தார். "அம்மாயி இத கையில கட்டலையா?"ன்னு கேட்டார். எனக்குப் புரியல. அவர் காட்டுனார். 12 பக்கம் இருக்கற கம்பி லேசா தேஞ்சிருக்கு, அகலம் முழுக்க ஒரே மாதிரி, செயின் ஸ்ட்ராப் ஒரசுனது. 6 பக்கம் இருக்கற கம்பியில மட்டும் நட்ட நடுவுல ஒரு பள்ளம், நூல் வெச்சு அறுத்த மாதிரி. "இது பட்டை தேய்ச்சதில்லமா, மெல்லிசா ஏதோ கம்பி, ஒரே எடத்துல ரொம்ப வருஷம் தொங்கியிருக்கு. அதுவும் ஆறு பக்கம். ஏன் ஆறு பக்கம்?"னு அவரே யோசிச்சுட்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அரிசி பொறுக்கிட்டு இருந்தாங்க. நிமிந்து கூட பாக்காம "ஊக்கு"ன்னாங்க.

அம்மாயி கொழுந்து பறிக்கறதுல இருந்து பிள்ளைக்காம்பரா வேலைக்கு மாத்துனாங்களாம், அங்க தோட்டத்துலயே. தாய்மாருங்க மலைக்குப் போனதும் கைக்குழந்தைங்கள பாத்துக்கற எடம். எந்தக் குழந்தைக்கு எத்தன மணிக்கு பால்மா கரைச்சுக் கொடுக்கணும்னு நேரக் கணக்கு உண்டு, தாத்தா வாட்ச் வாங்குனதே அதுக்குத்தானாம். ஆனா கையில கட்டுனா குழந்தைய தூக்கும்போது முதுகுல கீறும், குளிப்பாட்டும்போது தண்ணி படும். அதனால ஜாக்கெட்ல, இடது தோளுக்குக் கீழ, ஊக்கு குத்தி தொங்க விட்டுக்குவாங்க. இங்க வந்து டேன்டீயிலயும் அதே வேலைதான் பாத்தாங்க (இந்தியாவுல அப்ப இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 50 பொம்பளைங்களோ அதுக்கு மேலயோ வேலை செஞ்ச தோட்டத்துல குழந்தைகள் காப்பகம் இருந்தாகணும்), அதே ஊக்கு. செயின் ஸ்ட்ராப் எல்லாம் ரிட்டயர் ஆன அப்புறம் மாமா வாங்கி மாட்டி விட்டது. மாமா அப்ப ஸ்கூலுக்குப் போயிட்டிருந்ததால காம்பராவுல அம்மாயிய அவர் பாத்ததே கம்மி. அம்மா கைக்குழந்தையில இருந்து அங்கயே வளந்தவங்க. "கப்பல்ல வரும்போது என் கவுனுக்கு உள்பக்கம்தான் குத்தி விட்டாங்க, மண்டபம் வர்ற வரைக்கும் டிக்டிக்னு வயித்துல அடிச்சுட்டே இருந்துச்சு"ன்னாங்க. இத இத்தன வருஷத்துல அம்மா ஒரு தடவைகூட சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.

ஆறு பக்கம் ஏன்ங்கறது அன்னிக்கு ராத்திரி வாட்ச்ச என் சுடிதார்ல குத்திப் பாத்தப்பதான் புரிஞ்சுது. 12 பக்கத்துல மாட்டுனா எதிர்ல இருக்கறவங்களுக்கு நேரா தெரியும், நாம குனிஞ்சு பாத்தா தலைகீழ். 6 பக்கத்துல மாட்டுனா எதிராளிக்கு தலைகீழ், நாம குனிஞ்சு லேசா தூக்குனா நேரா 12 மேல வந்து நிக்கும். ஆஸ்பத்திரி நர்ஸுங்க மார்ல தொங்க விடற வாட்ச்சுல டயலையே இதுக்காகத்தான் தலைகீழா வெச்சு செய்வாங்க. ரெண்டு கையிலயும் குழந்தை இருக்கும்போது மணி பாக்க ஒரு பொம்பளை தானா கண்டுபுடிச்சது. அந்தக் கம்பியத்தான் அறுக்கலாம்னு சொல்லியிருந்தாங்க.

அதுக்கு அப்புறம் நான் வெச்சுக்கிட்ட கணக்கு ஒண்ணுதான், வாட்ச்சுல எது செஞ்சாலும் நாளைக்குக் கழட்டுனா பழையபடி ஆயிரணும். செயின் ஸ்ட்ராப்ப கழட்டி அதே பவுடர் டப்பாவுல வெச்சுட்டேன், கை முடிய புடிச்சு இழுக்குது, ஆனாலும் மாமா வாங்குனது, தூக்கிப் போடல. முதல்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல செருப்பு தைக்கற அண்ணன்கிட்ட மெல்லிசு தோலுல ஒரே நீளப் பட்டையா தைக்கச் சொன்னேன், ஒரு கம்பிக்கு அடியில விட்டு, வாட்ச்சுக்குப் பின்னாடி ஓட்டி, அடுத்த கம்பி வழியா எடுக்கற மாதிரி. பின்னே தேவையில்ல. அழகா வந்துச்சு. ஆனா கார்த்திகை மாசம் நாலே நாள் கட்டாம வெச்சதுல பச்சையா பூஞ்சை பூத்துருச்சு. நம்ம ஊர் மழைக்கு தோல் ஸ்ட்ராப் மார்கழிக்கு மேல ஆனி வரைக்கும்தான் சரிவரும்னு தோணுது. தோடா எம்பிராய்டரியில ஒரு பட்டை செஞ்சா நம்ம மலையோட அடையாளமா இருக்குமேன்னு ஒரு ஆசை, 2013-ல புவிசார் குறியீடு வாங்குன வேலைப்பாடு அது, கறுப்பும் சிவப்புமா. துணிய வெச்சுப் பாத்தேன், பத்து மில்லி அகலத்துல அந்த டிசைன் முழுசா உக்காராது, பாதியில வெட்டுன மாதிரி ஆயிரும், அந்த வேலைக்கு அது மரியாதை இல்ல. விட்டுட்டேன். கடைசியா கறுப்பு கயிறு. 1950கள்ல லேடீஸ் வாட்ச்சுக்கு பட்டுக் கயிறு மாதிரி மெல்லிசா ரெண்டு இழை போடற ஸ்டைல் உண்டு, பழைய விளம்பரப் படங்கள்ல பாத்திருப்பீங்க. நைலான்ல செஞ்சது, நனைஞ்சா காஞ்சுரும், சின்ன கேஸுக்கு கயிறு மாதிரி எடுப்பா வேற எதுவும் இல்ல. சேலைக்கும் சரி ஜீன்ஸுக்கும் சரி.

கையில கட்டாத நாள்ல ஊக்கு. வெறும் ஊக்க நேரா கம்பியில மாட்டுனா பள்ளம் இன்னும் ஆழமாகும், அதனால நம்ம டெய்லர் அக்காகிட்ட சொல்லி அரை இஞ்ச் கறுப்பு ரிப்பன்ல ஒரு சின்ன மடிப்பு தைச்சு வாங்குனேன். ரிப்பன் கம்பிய சுத்திப் போகுது, ஊக்கு ரிப்பன்ல போகுது. இது எனக்கு கயிற விட புடிச்சிருக்கு, உண்மைய சொன்னா.

மழை நாள்ல கிளாஸுக்கு உள்ள இன்னமும் லேசா ஆவி புடிக்குது, கேஸ்ல ரப்பர் வாஷரே கிடையாது. அடுப்பு பக்கத்துலயோ ஹேர் டிரையர்லயோ காட்டக் கூடாது, அரிசியிலயும் போடாதீங்க, தூசு உள்ள போகும். புது செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு சேத்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவுல போட்டு அதுல ராத்திரி வெச்சுர்றேன். காலையில டீ கொதிக்கும்போது சாவி, முப்பது சுத்து வரைக்கும், தானா நிக்கற எடத்துல நிறுத்திருவேன்.

போன மாசம் அம்மாயிக்கு தலைத்திவசம். மாமா வந்திருந்தார். என் தோள்ல தொங்குனத பாத்துட்டு "என்ன பாப்பா, தலைகீழா மாட்டியிருக்க"ன்னார். அம்மா உள்ள இருந்து "அண்ணே, நீ ஒரு தடவை போட்டுப் பாரேன்"னாங்க. கழட்டிக் கொடுத்தேன். மாமா சட்டைப் பாக்கெட் ஓரத்துல குத்திக்கிட்டு, தாடைய நெஞ்சோட ஒட்டி குனிஞ்சு, ஒரு விரலால தூக்கிப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தார். அப்புறம் "பதினொண்ணே கால்"னார். சுவர்க் கடிகாரத்துல பதினொண்ணு பதினாறு.